பழைய பாட்டுக்குப் புது அட்டை: 2024 பட்டியலும் மூணு கேள்விகளும்

டிஸ்கி: பீட்டர் சமாச்சாரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். அலர்ஜி உள்ளவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். அங்கே நம்ம ஊர் கதையும் இருக்கு.

வருஷா வருஷம் நவம்பர் கடைசியிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆண்டின் சிறந்த 50 ஆல்பங்கள், சிறந்த 100 ஆல்பங்கள்னு பட்டியல் மழை. டிசம்பரில் வெளிவரும் ஆல்பம் என்ன பாவம் செய்ததோ தெரியவில்லை. அதனால் நான் ஆறவிட்டுத்தான் பட்டியல் போடுவேன். சூடு, விளம்பரம், சண்டை எல்லாம் அடங்கின பிறகும் ஹெட்போனில் எது மிச்சம் இருக்கிறதோ அதுதான் அந்த வருஷத்தின் ஆல்பம். இது 2024-க்கான பட்டியல்.

பட்டியலைப் பார்த்ததும் வகுப்பில் ஒருத்தன் கேட்டான்: "1971-ல வாசிச்ச கச்சேரி எப்படிடா 2024 லிஸ்ட்ல முதலிடம்? அதுக்குத்தான் 'மறுவெளியீடு'ன்னு தனியா ஒரு மூலை இருக்கே, அங்க போட வேண்டியதுதானே?"

அந்த மூலைதான் என் பிரச்சினையே. எல்லாப் பத்திரிகைகளும் புது ஆல்பங்களை ஒரு பக்கம் வரிசைப்படுத்திவிட்டு, பழசையெல்லாம் "ரீஇஷ்யூ" என்று ஒரே கூடையில் கொட்டிவிடுகிறார்கள். ஐம்பது வருஷமாக யாருக்கும் கேட்கக் கிடைக்காத ஒரு கச்சேரியும், ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கும் ஆல்பத்தைப் பெரிய டப்பாவில் வைத்து விற்பதும் ஒன்றா? அந்தக் கூடையைக் கவிழ்த்துப் போட்டுப் பிரிக்க வேண்டும் என்கிறேன். பிரிக்க மூன்று கேள்விகள் போதும்:

1. இது இதற்கு முன்னால் கேட்கக் கிடைத்ததா?
2. ஒலி நன்றாகியிருக்கிறதா, கெட்டுப்போயிருக்கிறதா?
3. காசு யாருக்குப் போகிறது?

தேறினால் புது ஆல்பங்களோடு சரிசமமாக ஒரே பட்டியலில் வைக்கலாம். தேறாவிட்டால் எந்தப் பட்டியலிலும் வேண்டாம், கடைக்காரரின் விலைப்பட்டியலில் இருக்கட்டும்.

கோயமுத்தூர்க்காரரும் கார்னகி ஹாலும்

முதலில் அந்த 1971 கச்சேரி. ஆலிஸ் கோல்ட்ரேன் ஹார்ப்பும் பியானோவும் வாசிப்பவர். 1967-இல் கணவர் ஜான் கோல்ட்ரேன் இறந்த பிறகு அவருக்கு ஆறுதலாக வந்த குரு சுவாமி சச்சிதானந்தா. கோயமுத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் 1914-இல் பிறந்தவர். 1969 வுட்ஸ்டாக் விழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய காவி வேட்டிச் சாமியார் இவர்தான். இவருடைய யோகா நிறுவனத்துக்கு நிதி திரட்ட 1971 பிப்ரவரி 21 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் நடந்த கச்சேரி அது.

மேடையில் இரண்டு சாக்ஸபோன் (ஃபாரோ சாண்டர்ஸ், ஆர்ச்சி ஷெப்), இரண்டு பேஸ், இரண்டு டிரம்ஸ், கூடவே தம்புராவும் ஹார்மோனியமும். முதல் பாதி தியானம் மாதிரி ஆலிஸின் சொந்தப் படைப்புகள். இரண்டாவது பாதியில் கணவரின் 'ஆஃப்ரிக்கா', 'லியோ'. 'ஆஃப்ரிக்கா' மட்டும் அரைமணி நேரத்துக்குப் பக்கத்தில் ஓடுகிறது. தம்புரா சுருதியில் உட்கார்ந்து மூச்சுவிட்டவர்கள் அதே மேடையில் எழுந்து நின்று கத்துகிறார்கள். இரண்டும் பக்திதான்.

இதை இம்பல்ஸ் கம்பெனி ஒலிப்பதிவு செய்தது. செய்துவிட்டு வெளியிடவில்லை. நான்கு தடப் பதிவு நாடா பிறகு காணாமலே போனது. திருட்டுப் பதிப்பாகக் கொஞ்சம் சுற்றியதோடு சரி. மிஞ்சியிருந்த இரண்டு தடப் பிரதியை வைத்து 2024 மார்ச்சில் முழுக் கச்சேரியையும் முதல்முறையாக முறையாக வெளியிட்டார்கள். அதாவது 53 வருஷம் கழித்து. ஒலி பளபளப்பாக இல்லை, சில இடங்களில் டிரம்ஸ் மற்றதையெல்லாம் முழுங்குகிறது. ஆனால் யாரும் அதை நோண்டிப் "புதுசு" ஆக்கவில்லை.

இது பழைய ஆல்பமா? 2023-இல் கடையில் போய்க் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. கேட்பவனுக்கு இது 2024-இல் பிறந்த ஆல்பம். சோழர் காலச் செப்பேட்டை இன்று தோண்டி எடுத்தால் நாளைக்குப் பேப்பரில் செய்தியாகப் போடுகிறோமா இல்லையா? அது மாதிரிதான்.

ஒரு லட்ச ரூபாய் டப்பா

இப்போது எதிர் உதாரணம். ஜான் லெனனின் 'மைண்ட் கேம்ஸ்' 1973 ஆல்பம். அது எப்போதுமே கடையில் கிடைத்துக்கொண்டிருந்த ஆல்பம். 2024-இல் அதற்கு ஒரு 'அல்டிமேட் கலெக்‌ஷன்' வந்தது. சாதாரணப் பதிப்புகளோடு, 1,100 பிரதிகள் மட்டும் என்று ஒரு ராட்சசப் பெட்டியும் போட்டார்கள். விலை 1,350 டாலர். நம்ம காசில் ஒரு லட்சத்துக்கு மேலே.

"வாங்க முடிஞ்சவன் வாங்குறான், உனக்கு என்ன வயித்தெரிச்சல்?" என்று கேட்பீர்கள். வயித்தெரிச்சல் விலையில் இல்லை. "இந்த ஆண்டின் சிறந்த மறுவெளியீடு" என்று ஒரு விமர்சகர் இதை எழுதும்போது எதற்கு மார்க் போடுகிறார்? பாட்டுக்கா, பெட்டிக்கா? பாட்டு என்றால் அதற்கு 1973-இலேயே மார்க் போட்டாயிற்று. பெட்டி என்றால் அதற்கு ஃபர்னிச்சர் பத்திரிகை இருக்கிறது :-)

அப்புறம், இது யாரையும் பாதிக்காத விளையாட்டும் இல்லை. எல்பி அச்சடிக்கும் ஆலைகள் உலகத்திலேயே குறைச்சல். 2021, 2022-இல் வரிசை மாதக்கணக்கில் நீண்டது. பெரிய கம்பெனி ஒரு பழைய ஆல்பத்தை நாலு கலரில் அச்சடிக்க ஆர்டர் கொடுத்தால், சொந்தக் காசில் ஐந்நூறு பிரதி போட நினைக்கும் சின்னக் குழு வரிசையில் பின்னால் தள்ளப்படுகிறது. பழசைத் திரும்பத் திரும்ப அச்சடிப்பதற்கான கூலியைப் புதுசுதான் கொடுக்கிறது.

27 சிடி எதற்கு?

அடுத்து பாப் டிலன். நான் டிலன் பைத்தியம்தான், அதனால் இதை எழுத எனக்கு உரிமை உண்டு. 1974-இல் 'த பேண்ட்' குழுவோடு அவர் போன சுற்றுப்பயணத்தின் பதிவுகள் 2024 செப்டம்பரில் வெளிவந்தன. 27 சிடி, 431 தடங்கள், அதில் 417 இதுவரை வெளிவராதவை. முதல் கேள்வியில் பாஸ்னு சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

அதே வருஷம், அதே சுற்றுப்பயணம், கிட்டத்தட்ட அதே பாட்டுகள், ஊர் மட்டும் வேறு. இதன் சாரத்தை 1974-லேயே 'பிஃபோர் த ஃப்ளட்' என்று இரட்டை ஆல்பமாகப் போட்டுவிட்டார்கள். அப்படியென்றால் மிச்சத்தை ஏன் 2024-இல், அதுவும் மொத்தமாகக் கொட்ட வேண்டும்?

விடை ஐரோப்பியச் சட்டத்தில் இருக்கிறது. 2011-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒலிப்பதிவுகளின் காப்புரிமையை 50-லிருந்து 70 வருஷமாக நீட்டியது. ஆனால் ஒரு கொக்கி. பதிவு செய்த 50 வருஷத்துக்குள் வெளியிட்டிருந்தால்தான் அந்த நீட்டிப்பு. பூட்டியே வைத்திருந்தால் உரிமை போச்சு. இதனால் 2012 கடைசியில் ஒரு வேடிக்கை நடந்தது. டிலனின் 1962 பதிவுகளை ஐரோப்பாவில் சுமார் நூறே பிரதிகள் போட்டு வெளியிட்டார்கள். அதன் தலைப்பிலேயே 'காப்பிரைட் எக்ஸ்டென்ஷன் கலெக்‌ஷன்' என்று எழுதியிருந்தது! அடுத்த வருஷம் பீட்டில்ஸின் 1963 பதிவுகளும் இதே மாதிரி டிசம்பரில் அவசர அவசரமாக ஐட்யூன்ஸில் ஏறின.

இப்போது கணக்குப் போடுங்கள். 1974 + 50 = ? அவ்வளவுதான் ரகசியம்.

டிலன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்: "சட்டமோ கிட்டமோ, எங்களுக்கு எல்லாப் பதிவும் கிடைச்சுதே, அது நல்லதுதானே?" நல்லதுதான். அந்தப் பதிவுகள் அழியாமல் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் அது ஆவணம். ஆல்பம் என்றால் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து கேட்டு, இது வேண்டும், இது வேண்டாம், இது முதலில், இது கடைசியில் என்று தீர்மானித்திருக்க வேண்டும். 431 தடங்களையும் அப்படியே கொட்டிவிட்டுத் தேர்ந்தெடுக்கும் வேலையை ரசிகன் தலையில் கட்டினால், அதை நூலகத்தில் வைத்துக் கும்பிடலாம். வருஷத்தின் சிறந்த ஆல்பம் என்று சொல்லக்கூடாது.

"டிஜிட்டலி ரீமாஸ்டர்ட்" என்ற ஸ்டிக்கர்

இரண்டாவது கேள்விக்கு வருவோம். மறுவெளியீடு என்றாலே ஒலி மேம்பட்டிருக்கும் என்று நம்புகிறோம். தொண்ணூறுகளிலிருந்து நடந்ததில் பாதிக்கு மேல் இதற்கு நேர்மாறு என்பேன்.

டிஜிட்டல் ஒலியில் சத்தத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்ட முடியாது. ஆனால் சன்னமான இடங்களை மேலே தூக்கிவிடலாம். தூக்கினால் மொத்தப் பாட்டும் உரத்துக் கேட்கும், கடையில் முதல் பத்து விநாடியில் "ஆஹா" என்று இருக்கும். கூடவே ஏற்ற இறக்கம் செத்துவிடும். மெதுவாகப் பேசி, திடீரென்று கத்தும்போதுதானே தூக்கிவாரிப்போடும்? முழுக்கவே கத்திக்கொண்டிருப்பவனை யார் கேட்பார்கள்?

உச்சக்கட்ட உதாரணம் ஸ்டூஜஸின் 'ரா பவர்'. 1973-இல் வந்தபோது பெரும்பாலான பாட்டுகளை மிக்ஸ் செய்தவர் டேவிட் போவி. ரொம்பச் சோனியாக இருக்கிறது என்று ஆளுக்கு ஆள் குறைபட்டார்கள். 1997-இல் இக்கி பாப்பே உட்கார்ந்து திரும்ப மிக்ஸ் செய்தார். ஊசி சிவப்புக் கோட்டை விட்டு இறங்கவே இல்லை. சிடி வரலாற்றிலேயே அதிகச் சத்தமான ஆல்பங்களில் ஒன்று என்று பேர் வாங்கியது. பிறகு 2010-இல் போவியின் பழைய மிக்ஸையே சீர்செய்து மறுபடி விற்றார்கள். ஒரே பாட்டுகள், மூன்று தடவை விற்பனை!

இதில் பெரிய காமெடி, இன்றைக்கு ஸ்பாட்டிஃபை மாதிரியான சேவைகள் எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. நசுக்கி நசுக்கி உரக்க வைத்த பாட்டை அது தானாகவே குறைத்துவிடும். சத்தமும் போச்சு, உயிரும் போச்சு.

டாக்ஸி டிக்கியில் கீபோர்டு

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம். காசு யாருக்கு?

ஹைலு மெர்கியா எத்தியோப்பியாக்காரர், அடிஸ் அபாபாவில் பிரபலமான வாலியாஸ் குழுவின் கீபோர்டு கலைஞர். 1981-இல் அமெரிக்காவுக்குக் கச்சேரி செய்யப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். 1985-இல் அக்கார்டியனும் சிந்தசைசரும் வைத்துத் தனியாளாக ஒரு கேசட் போட்டார். பிறகு வாஷிங்டனில் டாக்ஸி ஓட்டினார். டிக்கியில் ஒரு கீபோர்டு வைத்திருப்பார், சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் சாதகம் செய்வார். அந்தக் கேசட்டை எத்தியோப்பியாவில் ஒரு கடையில் கண்டெடுத்த 'ஆசம் டேப்ஸ் ஃப்ரம் ஆஃப்ரிக்கா' என்ற சின்ன லேபிள்காரர், ஆளைத் தேடிப் பிடித்து, அனுமதி வாங்கி, 2013-இல் மறுவெளியீடு செய்தார். லாபத்தில் பாதி கலைஞருக்கு என்பது அந்த லேபிளின் கணக்கு. மெர்கியா மறுபடி மேடை ஏறினார். 2018-இல் 'லாலா பெலு' என்று புது ஆல்பமே போட்டார்.

மறுவெளியீடு என்றால் இதுதான். ஒரு பழைய பாட்டு புதுப் பாட்டைப் பெற்றெடுக்கிறது. கிழவர் கைக்குக் காசும் போகிறது. ஏற்கெனவே கோடீஸ்வரர்களாக இருக்கும் வாரிசுகளின் கணக்கில் இன்னொரு சைபர் சேர்ப்பதற்கும் இதற்கும் ஒரே பேர் வைத்திருப்பது அநியாயம்.

நம்ம ஊர் கதை

"சரிப்பா, இதுல நமக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்கு.

1982-இல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற சினிமா இசைக்குழுக் கலைஞர், அப்போதுதான் வந்திருந்த ரோலண்ட் கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு எல்பி போட்டார். எச்எம்வி வெளியீடு. ஓடவில்லை. 2010-இல் 'பாம்பே கனெக்‌ஷன்' என்ற நெதர்லாந்து லேபிள் அதை மறுவெளியீடு செய்தபோதுதான் உலகம் முழித்தது. சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் இசை பிறப்பதற்குச் சில வருஷம் முன்னாலேயே கிட்டத்தட்ட அதே கருவிகள், அதே சத்தம்! 2015-இல் இறப்பதற்கு முன் அவர் ஐரோப்பாவில் மேடையேறிக் கைதட்டல் வாங்கிவிட்டார். எல்பியைப் போட்டது நம்ம நாட்டுக் கம்பெனி. மதித்தது வெளியூர்க்காரன்.

இளையராஜாவின் 1977-83 பாட்டுகளை 'சொல்லச் சொல்ல' என்று தொகுத்து 2011-இல் எல்பியாகப் போட்டது யார்? ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற இங்கிலாந்து லேபிள். நாம்? நாம் 2017-இல் 5,000 பாட்டு அடைத்த கார்வான் பெட்டியை வாங்கி அப்பா அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம். பெட்டி நல்ல பெட்டிதான், எங்கள் வீட்டிலும் பாடுகிறது. ஆனால் அந்தப் பாட்டில் ஷெனாய் வாசித்தவர் யார், எந்த ஸ்டூடியோ, ஒலிப்பதிவு செய்தவர் யார்? பெட்டி பாடும், பேர் சொல்லாது. நான் காசு கட்டிக் கேட்கும் ஒரு ஆப்பில் அறுபதுகளின் பாட்டுக்கு 2010-க்கு மேல் ஒரு வருஷம் போட்டிருக்கிறது. எழுதிய கவிஞரின் பேர் இருந்தால் அதிர்ஷ்டம். இருபது தொகுப்புகளில் ஒரே பாட்டு, இருபதிலும் ஒரே தேய்ந்த ஒலி.

சட்டம் தடுக்கிறதா என்றால் அதுவும் முழு உண்மை இல்லை. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கான உரிமை வெளிவந்த வருஷம் முடிந்து 60 வருஷம். 1944-இன் 'ஹரிதாஸ்' இசைத்தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை 2004-உடன் முடிந்துவிட்டது. பாட்டு எழுதிய பாபநாசம் சிவன் 1973-இல் காலமானார், அதனால் எழுத்துக்கான உரிமை மட்டும் 2033 வரை ஓடும். அதைக் கேட்டுப் பணம் கட்டி வாங்கலாம், பெரிய விஷயமில்லை. வி.ஏ.கே. ரங்கா ராவ் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் சேர்த்த இசைத்தட்டுகள் இருந்த ஊர் இது. நல்ல தட்டிலிருந்து நல்ல ஊசியில் எடுத்து, வாசித்தவர் பேரோடு, ஒரு சின்னப் புத்தகத்தோடு பாகவதரை ஒழுங்காக வெளியிட ஒரு லேபிள் கூடவா இல்லை? நான் தேடிப் பார்த்தவரை கையில் சிக்கவில்லை.

பெரிய கம்பெனி பத்திரமாக வைத்திருக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2008-இல் ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டூடியோவில் பிடித்த தீயில் மூல நாடாக்கள் ஏராளமாக எரிந்துபோனதாக 2019-இல்தான் நியூயார்க் டைம்ஸ் எழுதி வெளியே தெரிந்தது. சேதம் அவ்வளவு இல்லை என்று கம்பெனி மறுத்தது. எவ்வளவு என்பதில்தான் சண்டை, எரிந்ததில் இல்லை. அங்கேயே அப்படி என்றால் கோடம்பாக்கத்துச் சூட்டிலும் ஈரத்திலும் கிடக்கும் நாடாக்களை நினைத்துப் பாருங்கள்.

பட்டியல்

1. ஆலிஸ் கோல்ட்ரேன் – 'த கார்னகி ஹால் கான்சர்ட்'. காரணம் மேலே.

2. கானவ்யா – 'டாட்டர் ஆஃப் அ டெம்பிள்'. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். ஜான், ஆலிஸ் இருவரின் இசையையும் நம்ம பாட்டு மரபோடு சேர்த்துப் பாடுகிறார். முதலிடத்தையும் இதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 1971-இல் செட்டிபாளையத்துக்காரருக்காக வாசித்ததற்கு 2024-இல் பதில் வந்திருக்கிறது. இரண்டையும் தனித்தனி மூலையில் வைத்தால் இந்தப் பேச்சு காதில் விழுமா?

3. சிண்டி லீ – 'டயமண்ட் ஜூபிலி'. புது ஆல்பம், ஆனால் யாரோ பரணில் கண்டெடுத்த பழைய ரேடியோ மாதிரி ஒலிக்கிறது. 32 பாட்டு, இரண்டு மணி நேரம். வெளிவந்தபோது ஸ்பாட்டிஃபையில் கிடையாது. யூட்யூபில் ஒரே நீளமான வீடியோ, ஜியோசிட்டீஸ் காலத்துத் தோற்றத்தில் ஒரு தளம், காசு நேராகக் கலைஞருக்கு.

4. பெத் கிப்பன்ஸ் – 'லைவ்ஸ் அவுட்க்ரோன்'. போர்டிஸ்ஹெட் குழுவின் குரல். பத்து வருஷம் செதுக்கிய பத்துப் பாட்டுகள். வயதாவது பற்றி இவ்வளவு பயமில்லாமல் யாரும் பாடிக் கேட்டதில்லை.

5. பிராட்காஸ்ட் – 'ஸ்பெல் பிளாங்கெட்'. 2011-இல் இறந்துபோன பாடகி டிரிஷ் கீனன் விட்டுப்போன 36 சோதனைப் பதிவுகள். இறந்தவரின் அலமாரியைத் திறப்பது கத்திமேல் நடப்பது. கூட வாசித்த ஜேம்ஸ் கார்கில் பொறுக்கியெடுத்து அடுக்கியதால் தப்பித்தது. மெருகு பூசாமல் விட்டதற்கே ஒரு கும்பிடு.

6. த க்யூர் – 'சாங்ஸ் ஆஃப் அ லாஸ்ட் வேர்ல்ட்'. 16 வருஷம் கழித்து எட்டே பாட்டு. 431 தடங்களோடு ஒப்பிட்டுக்கொள்ளவும்.

லெனன் டப்பாவும் டிலன் மூட்டையும் பட்டியலில் இல்லை. காரணம் கேட்டால் மேலே இருக்கும் மூணு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன். அடுத்த தடவை "ரீமாஸ்டர்ட்", "சூப்பர் டீலக்ஸ்"னு யாராவது ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்தால் நீங்களும் கேளுங்கள். நம்ம பாட்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள்: வாசித்தவர் பேர் எங்கே, காசு யாருக்கு?

ஒத்துக்கொள்ளாதவர்கள் கேண்டீனுக்கு வரவும். டீ உங்க செலவு ;-)